பிக்கப் கூண்டின் முன் பிடிமானம் பிய்ந்துவிட்டது, சேசிஸில் பிடிக்கலாமா?

பாமணிக்கரை எழுதியது:

வணக்கம். நான் அறுவடை வண்டிகளுக்கு வயலிலேயே போய் வேலை பார்க்கிற மெக்கானிக். ஊர் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கம். தை பிறந்தால் சம்பா அறுவடை முடிகிறவரை வீட்டில் படுப்பது அபூர்வம். நீடாமங்கலம், மன்னார்குடி, முத்துப்பேட்டை, வேதாரண்யம் என்று வண்டி எங்கே நின்றுபோகிறதோ அங்கே நானும் போய் நிற்க வேண்டும். சக்கரத்துக்குப் பதில் பெல்ட்டில் ஓடுகிற அறுவடை வண்டி சேற்றில் படுத்துவிட்டால் ராத்திரி பத்து மணிக்கும் கூப்பிடுவார்கள். கூப்பிடுகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. சாய்ந்த நெல்லில் மறு மழை விழுந்தால் கதிரிலேயே முளைத்துவிடும்.

இதற்காகவே பொலிரோ பிக்கப்பில் ஏற்றி இறக்குகிற மாதிரி ஒரு கூண்டு வைத்திருக்கிறேன். வெளிநாட்டில் டிரக் கேம்பர் என்கிறார்களே, அதே ஏற்பாடுதான். உள்ளே ஒருவர் காலை நீட்டிப் படுக்க ஒரு பலகை, அதற்குக் கீழே டூல்ஸ் இழுப்பறை, ஒற்றை அடுப்பு, ஒரு சின்ன மின்விசிறி. 2019-இல், கஜா அடித்த அடுத்த வருடம், ஒரு பட்டறையில் கொடுத்துச் செய்தது. ஒன்றரை அங்குல ஸ்கொயர் பைப்பில் சட்டம், உள்பக்கம் 12 மி.மீ. பிளைவுட், வெளியே ஜி.ஐ. தகரம். பிக்கப்பில் பாரம் ஏற்றுகிற பின்தொட்டியான பெட்டுக்குள் உட்காரும் பாகம் ஒடுக்கமாக இருக்கும். பக்கப்பலகைக்கு மேலே வந்ததும் இரண்டு பக்கமும் நாலு அங்குலம் வெளியே தள்ளியிருக்கும். அந்த இறக்கையின் அடியில் நாலு மூலையிலும் ஐ போல்ட், அதாவது தலையில் வளையம் உள்ள போல்ட். அங்கிருந்து, முறுக்கினால் இழுத்து இறுக்குகிற டர்ன்பக்கிள் போட்டு, பெட்டின் பக்கத்தில் கயிறு கட்டக் கொடுத்திருக்கும் கொக்கியில் மாட்டியிருந்தேன். டூல்ஸோடு எடைமேடையில் ஏற்றிப் பார்த்ததில் கூண்டு மட்டும் 430 கிலோ.

போன மாசியில் ஒரு ராத்திரி. பாமணி ஆற்றுக் கரையில் வந்துகொண்டிருந்தேன். எதிரே நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர். ஒதுங்கியபோது இடது முன்சக்கரம் கரை சரிந்த இடத்தில் இறங்கி ஏறியது. பின்னால் டமார் என்று ஒரு சத்தம், உடனே தகரம் உரசுகிற சத்தம். இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தால், இடது முன் ஐ போல்ட் கொக்கியில் பத்திரமாகத் தொங்குகிறது. வாசர், நட்டு எல்லாம் அதிலேயே இருக்கிறது. கூடவே உள்ளங்கை அகலத்துக்குப் பிளைவுட்டும் பெயர்ந்து வந்திருக்கிறது. கூண்டு இரண்டு அங்குலம் வலப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்திருந்தது. கையிலிருந்த லாரிக் கயிற்றைச் சுற்றிக் கட்டி, பத்து கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் ஊர்ந்து வந்தேன்.

மறுநாள் ஓட்டையில் திருப்புளியை வைத்து லேசாக அழுத்தினேன். பிடிவரைக்கும் உள்ளே போய்விட்டது. மரம் கருத்து, டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி இத்துப் போயிருக்கிறது. பிழிந்தால் தண்ணீர் வருகிறது. மழை பெய்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது, இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்றே புரியவில்லை. வலது பின் மூலையில் மரம் பரவாயில்லை. ஆனால் அங்கே ஸ்கொயர் பைப்பில் வெல்டிங் ஓரமாக முடி அளவுக்கு ஒரு விரிசல் ஓடுகிறது.

இரண்டு பட்டறையில் கேட்டேன். ஒருவர் பெரிய பிளேட்டாக வைத்து அதே இடத்தில் போல்ட் போட்டுவிடலாம் என்கிறார். இன்னொருவர் டர்ன்பக்கிளே வேண்டாம், கூண்டை பெட்டோடு வைத்து வெல்ட் அடித்துவிடலாம் என்கிறார். எனக்கு இரண்டிலும் மனசு ஒப்பவில்லை. இன்ஜின், கியர் பாக்ஸ் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், பாடி வேலை எனக்குப் பழக்கமில்லை. நேராக வண்டியின் அடிச்சட்டமான சேசிஸிலேயே பிடிக்கலாமா? துளை போட்டால் சேசிஸ் கெடுமா? மரத்துக்குப் பதில் முழுக்க இரும்பாக்கிவிடலாமா? டர்ன்பக்கிளை எவ்வளவு இறுக்க வேண்டும்? சித்திரைக் கடைசியில் கோடை நெல் அறுவடை தொடங்கிவிடும். அதற்குள் சரிசெய்தாக வேண்டும்.

தஞ்சை பாடிக்காரர் எழுதியது:

தம்பி, முதலில் பெட்டோடு வெல்ட் அடிக்கிற யோசனையை விட்டுவிடுங்கள். நான் தஞ்சாவூரில் முப்பது வருடத்துக்கு மேல் லாரி பாடி கட்டியவன். தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு வண்டிக்குப் பாடியின் குறுக்குச் சட்டத்தைச் சேசிஸோடு வைத்து அடித்துக் கொடுத்தேன். அசையவே அசையாது என்று பெருமையாக இருந்தது. மூன்றாவது மாதம் வண்டி திரும்பி வந்தது. வெல்டிங் முத்து மாதிரி அப்படியே இருக்கிறது, அதற்கு அரை அங்குலம் தள்ளிச் சேசிஸ் வெடித்திருக்கிறது. சூடு பட்ட இடத்துக்கும் படாத இடத்துக்கும் நடுவில்தான் இரும்பு விட்டுப்போகும். அன்றிலிருந்து சேசிஸில் நான் வெல்டிங் ராடு வைத்ததில்லை.

ஏன் வெடிக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. உங்கள் வண்டி கரையில் ஒரு சக்கரத்தை இறக்கும்போது சேசிஸ் முறுக்கிக்கொள்ளும். முறுக்கத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். மேலே இருக்கும் கூண்டோ பெட்டி, அது முறுக்காது. நாலு மூலையும் விறைப்பாகப் பிடித்திருந்தால் ஒரு மூலை இறங்கும்போது எதிர் மூலைதான் மொத்தத்தையும் தாங்க வேண்டும். உங்களுக்கு இடது முன்னால் பிய்ந்திருக்கிறது, வலது பின்னால் விரிசல். எதிரெதிர் மூலை, கவனித்தீர்களா? அது தற்செயல் இல்லை. பழைய பார்வண்டியில் ஏர்க்காலையும் நுகத்தடியையும் ஆணி அடித்தா சேர்த்தார்கள்? கயிற்றால் வரிந்து கட்டினார்கள். பள்ளத்தில் இறங்கினால் கட்டு கொஞ்சம் இளகிக் கொடுக்கும், மாட்டுக் கழுத்தும் பிழைக்கும், மரமும் பிழைக்கும்.

பெரிய பிளேட் யோசனையும் அரைகுறைதான். இத்துப்போன பலகைமேல் எவ்வளவு பெரிய பிளேட் வைத்தாலும் அடுத்த முறை இன்னும் பெரிய துண்டாகப் பெயர்ந்து வரும். பாரம் போல்ட்டோடு நின்றுவிடுவதில்லை. போல்ட்டிலிருந்து இறக்கைக்கு, இறக்கையிலிருந்து கூண்டின் தூணுக்கு, கீழே டர்ன்பக்கிளிலிருந்து கொக்கிக்கு, கொக்கியிலிருந்து சேசிஸுக்கு. விரலை வைத்துக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தில் வெறும் தகரமோ வெறும் பலகையோ மட்டும் குறுக்கே வருகிறதோ, அங்கேதான் பிய்யும். கயிறு கட்டுகிற கொக்கியும் கயிற்றுக்கானதுதான். தார்ப்பாய் கட்டலாம், 430 கிலோ கூண்டு துள்ளுவதைத் தாங்க அது பிறக்கவில்லை.

சேசிஸில் புதுத்துளை போடாமலே வேலை முடியுமா என்று படுத்துப் பாருங்கள். பெட்டைச் சேசிஸோடு பிடிக்கும் பிராக்கெட்டுகள் ஏற்கெனவே இருக்கும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்றாக இரண்டு குறுக்குச் சேனலை அந்த பிராக்கெட் போல்ட்டுகளிலேயே சேர்த்துப் பிடித்து, முனைகளைப் பக்கப்பலகைக்கு நேர் கீழே கொண்டுவந்து, அதில் டர்ன்பக்கிள் மாட்ட ஒரு கண், அதாவது வளையம், வையுங்கள். துளை போட்டே ஆகவேண்டுமென்றால் சேசிஸின் நிற்கிற முகத்தில், நடு உயரத்தில் போடலாம். மேல் விளிம்பிலும் அடி விளிம்பிலும் கை வைக்கவே கூடாது. வளைகிற பாரம் முழுக்க அந்த இரண்டு விளிம்பில்தான் ஓடுகிறது. கேஸ் வெல்டிங்கில் ஊதித் துளைக்காதீர்கள், டிரில் மட்டும். யு போல்ட் போடுகிறவர்கள் சி சேனல் வாய்க்குள் ஒரு கட்டையை அண்டக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் இறுக்கும்போது விளிம்பு உள்ளே மடங்கும். சைலன்சர் பக்கம் மரக்கட்டை வேண்டாம், இரும்புத் துண்டு வையுங்கள்.

போல்ட் எம்12 போதும், தலையில் 8.8 என்று அடித்திருக்க வேண்டும். எழுத்தே இல்லாத போல்ட்டைக் கடைக்காரர் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். நட்டு நைலாக், உள்ளே நைலான் வளையம் இருப்பதால் அதிர்வில் சுலபமாகக் கழலாது.

பாமணிக்கரை எழுதியது:

ஐயா, எதிரெதிர் மூலை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எழுந்து போய் மறுபடி பார்த்தேன். வலது முன்னாலும் இடது பின்னாலும் பெயின்ட் கூடக் கீறவில்லை. இத்தனை நாள் இதைக் கண்ணால் பார்த்தும் யோசிக்காமல் இருந்திருக்கிறேன்.

வலது பின் விரிசலுக்கு என்ன செய்யலாம்? மேலேயே ஒரு வெல்ட் ஓட்டினால் போதுமா?

தஞ்சை பாடிக்காரர் எழுதியது:

மேலே ஓட்டினால் அடியில் விரிசல் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். முதலில் பெயின்ட்டைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, மேலே சாக்பீஸ் பொடி தூவுங்கள். விரிசலுக்குள் போன எண்ணெய் பொடியில் ஊறிக் கோடாகத் தெரியும். கண்ணுக்குத் தெரிந்ததைவிட அரை அங்குலமாவது நீளமாகத்தான் இருக்கும். கோடு முடிகிற முனையில் 5 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். கூர்முனை வட்டமாகிவிட்டால் விரிசல் அங்கேயே நிற்கும். அப்புறம் கிரைண்டரில் வி வடிவத்தில் தோண்டி நிரப்புங்கள். பைப் சுவர் மெல்லிசாக இருந்தால் 12 நம்பர் ராடு, கரண்டைக் குறைத்து, விட்டு விட்டு அடிக்க வேண்டும்.

அதோடு நிறுத்தாதீர்கள். விரிசலுக்கு இரண்டு பக்கமும் மூன்று மூன்று அங்குலம் தாண்டுகிற மாதிரி ஓர் ஆங்கிளை மேலே சேர்த்து வையுங்கள். அதன் முனையை நேர்வெட்டாக வெட்டாமல் சாய்வாக வெட்டி, பைப்பின் நீளவாக்கில் மட்டும் வெல்டிங் ஓடட்டும். குறுக்கே ஒரு கோடு ஓட்டினால் அடுத்த விரிசலுக்கு நீங்களே இடம் காட்டிக் கொடுத்த மாதிரி.

வெல்டிங் தொடங்கும் முன்னால் வண்டியின் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி ஓரமாக வையுங்கள். கேஸ் சிலிண்டரைப் பட்டறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். ஜி.ஐ. தகரத்தில் வெல்டிங் வருகிற இடத்தில் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் ராடு வைக்க வேண்டும். அந்த வெள்ளைப் புகையை ஒரு நாள் பூராவும் மூடிய ஷெட்டில் மூச்சிழுத்துவிட்டு, ராத்திரி நடுக்கக் காய்ச்சலில் படுத்த பையன்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரத்தநாடு டு கால்கரி எழுதியது:

அண்ணே, நான் ஒரத்தநாட்டுப் பக்கம், இப்போது கனடாவில். ஃபோர்டு எஃப் 350-இல் டிரக் கேம்பர் வைத்திருக்கிறேன். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே எனக்கும் நடந்தது. இங்கேயும் முன் பிடிமானம் இறக்கையின் அடிப்பலகையில்தான் வரும். மேலே தையல் வழியாகவோ விளக்கு மாட்டிய துளை வழியாகவோ தண்ணீர் இறங்கி, அந்தப் பலகையில்தான் வந்து தேங்கும். வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது. ஒரு நாள் போல்ட் கையோடு வரும். உங்கள் பிளைவுட்டைப் பிழிந்தால் தண்ணீர் வருகிறது என்றால் ஓட்டை மேலே எங்கோ இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் கீழே என்ன வைத்தாலும் மறுபடி இத்துப்போகும்.

இங்கே பிடிமானம் இரண்டு வகை. பெட்டின் தகட்டில் பிடிப்பது ஒன்று, வண்டியின் ஃபிரேமிலேயே, அதாவது சேசிஸிலேயே, பிடிப்பது இன்னொன்று. 2017 மாடலிலிருந்து வந்த ஃபோர்டு சூப்பர் டியூட்டி வண்டிகளில் பெட் அலுமினியம், அதனால் கனமான கேம்பர் வைத்திருப்பவர்கள் ஃபிரேமில்தான் பிடிக்கிறார்கள். டார்க்லிஃப்ட் கம்பெனியின் பிடிமானங்கள் அந்த வகை. நானும் அதற்குத்தான் மாறினேன். டர்ன்பக்கிளுக்குள்ளேயே ஸ்பிரிங் இருக்கும். பெரியவர் சொன்ன கயிற்றுக் கட்டின் வேலையை அந்த ஸ்பிரிங் செய்கிறது.

இறுக்குவதைப் பற்றிக் கேட்டீர்கள். ஸ்பேனர் வேண்டாம், கையால் முறுக்குங்கள். ஸ்பிரிங் கொஞ்சம் அமுங்கினால் போதும். முழுக்க அமுங்கிவிட்டால் ஸ்பிரிங் இருந்தும் இல்லாத மாதிரிதான். நானும் முதல் வருடம் நெம்புகோல் போட்டு இறுக்கினேன். என் இறக்கை உடைந்ததற்கு மழை பாதிக் காரணம் என்றால் என் இறுக்கம் மீதிக் காரணம்.

இன்னொன்று, டர்ன்பக்கிள் நேர் செங்குத்தாக நிற்கக் கூடாது. முன் இரண்டும் கீழே இறங்கும்போது முன்பக்கம் சாய வேண்டும், பின் இரண்டும் பின்பக்கம் சாய வேண்டும். அப்போதுதான் பிரேக் அடித்தாலும், ஏற்றத்தில் எடுத்தாலும் கூண்டு நகராது. பாரம் கட்டுகிறவர்கள் வைத்திருக்கும் கணக்கு என்னவென்றால், முன்னோக்கித் தள்ளும்போது எடையில் 80 சதவீதத்தையும், பின்னோக்கியும் பக்கவாட்டிலும் எடையில் பாதியையும் பிடிமானம் தாங்க வேண்டும். உங்கள் 430 கிலோவுக்குப் பிரேக்கில் மட்டும் கிட்டத்தட்ட 345 கிலோ தள்ளும். இதை முழுக்க டர்ன்பக்கிள்மேல் விடாமல், கூண்டுக்கும் பெட்டின் முன்சுவருக்கும் நடுவில் இடைவெளி இல்லாமல் ஒரு கட்டையை அண்டக் கொடுங்கள். அடியில் முழு அளவுக்கு ரப்பர் மேட் விரியுங்கள். கூண்டு நகர்ந்தது என்றீர்களே, வெறும் தகரத்தில் பெயின்ட் அடித்த இரும்பு உட்கார்ந்திருந்தால் நகரத்தான் செய்யும்.

மாயவரம் சமையல் வண்டி எழுதியது:

நான் கல்யாணச் சமையல் சாமான்களுக்கு இதே மாதிரி ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். எட்டு வருடமாக இரண்டு லாரிக் கயிறுதான். ஒன்றும் ஆகவில்லை. இவ்வளவு செலவு தேவையா?

தஞ்சை பாடிக்காரர் எழுதியது:

உங்கள் பெட்டி பக்கப்பலகைக்குள் அடங்கி உட்கார்ந்திருந்தால் கயிறு போதும். தம்பியின் கூண்டு உயரமானது, மேலே அகலமானது. அது சாயப் பார்க்கும். நைலான் கயிறு மழையில் நனைந்தால் இளகும், ராத்திரி ஓட்டுகிறவர் அதை எப்போது பார்ப்பார்? கயிறு இரண்டாவது காவலாக இருக்கட்டும்.

குடந்தைப் பலகைக்கடை எழுதியது:

அண்ணா, கும்பகோணத்தில் எங்களுக்குப் பிளைவுட் கடை. அப்பாவுக்குப் பிறகு பதினோரு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் எழுதிய கறுப்பு ரஸ்க் சாதாரண கமர்ஷியல் பிளையாகத்தான் இருக்கும். அது அலமாரிக்குள் வைக்கிற சரக்கு. புதிதாக வாங்கும்போது ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளை கேளுங்கள். அந்தத் தரத்துக்கு 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் அடுக்கு பிரியக் கூடாது என்பது சோதனை. முத்திரையை மட்டும் நம்ப வேண்டாம். கடையில் ஓரத்துண்டு ஒன்று கேட்டு வாங்கி, வீட்டில் பழைய பாத்திரத்தில் போட்டு ஒரு பகல் கொதிக்க விடுங்கள். ஓரத்தில் நகம் நுழைகிற மாதிரி பிரிந்தால் அந்தச் சரக்கு வேண்டாம். என் கடைக்கு வருகிறவர்களுக்கும் நான் துண்டு கொடுத்துத்தான் அனுப்புகிறேன்.

மரைன் பிளையாக இருந்தாலும் வெட்டிய ஓரமும் போட்ட துளையும் தண்ணீர் குடிக்கும். மேல்முகத்துக்கு மூன்று கோட் அடிக்கிறவர்கள் ஓரத்தை மறந்துவிடுகிறார்கள். துளையைத் தேவைக்குமேல் இரண்டு மி.மீ. பெரிதாகப் போட்டு, உள்சுவரில் எபாக்சி தடவிக் காயவிட்டு, அப்புறம் போல்ட் போடுங்கள். போல்ட்டை இறுக்கும்போது பலகை நசுங்காமல் இருக்க, பலகைக் கனத்துக்குச் சரியாக வெட்டிய ஒரு துண்டுக் குழாயைத் துளைக்குள் வையுங்கள். இறுக்கம் குழாய்மேல் விழும், மரத்தின்மேல் விழாது. இது தெரிந்தாலே பாதி பிடிமானங்கள் தளராது.

முழுக்க இரும்பாக்கிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அடைத்த பைப்புக்குள் தண்ணீர் போனால் அது உள்ளிருந்து துருப்பிடித்து வரும், மரத்தைவிட மோசம். வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் சீக்கிரமே தெரியும். மரமோ இரும்போ, மேலே அடைத்தால் கீழே திறந்துவிடுங்கள். அடித்தையலில் சிலிக்கான் போடாதீர்கள். தப்பித்தவறி உள்ளே போன தண்ணீர் வெளியே போக வழி வேண்டும்.

முன்சுவருக்கு அண்டக் கொடுக்கிற கட்டைக்கு நம் ஊர்ப் பூவரசே நல்லது. வண்டிக்கும் படகுக்கும் அதைத்தானே போட்டார்கள்.

பாமணிக்கரை எழுதியது:

பங்குனியில் வேலை முடிந்தது. எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு, செய்ததை எழுதுகிறேன். இதே மாதிரி கூண்டு வைத்திருக்கிறவர்கள் டெல்டாவில் இன்னும் பத்துப் பேராவது இருப்பார்கள், அவர்களுக்குப் பயன்படட்டும்.

முதலில் தண்ணீர். தெரிந்தவர் ஒருவரின் அறுவடை வண்டி ஷெட்டில் செயின் புல்லி போட்டுக் கூண்டைத் தூக்கி, நாலு டிரம்மேல் உட்கார வைத்தேன். கூரைமேல் ஹோஸ் பைப்பில் தண்ணீர் விட்டுவிட்டு, உள்ளே டார்ச்சோடு படுத்துக்கொண்டேன். பத்து நிமிடம் ஒன்றுமில்லை. அப்புறம் மின்விசிறி ஒயர் வழியாக ஒரு சொட்டு இறங்கியது. ஒயர் மடங்குகிற இடத்தில் நின்று, அங்கிருந்து பைப் மேல் ஊர்ந்து, இடது முன் தூணின் வழியாக இறக்கைக்குள் போய் மறைந்தது. கூரையில் ஒயருக்குப் போட்ட துளையைச் சுற்றி எம்சீல் அப்பியிருந்தேன். அது வெயிலில் வெடித்திருக்கிறது. ஓட்டை இருந்தது பின்பக்கக் கூரையில், மரம் இத்தது முன்பக்க இறக்கையில். கீழேயே தேடிக்கொண்டிருந்தால் ஜென்மத்துக்கும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். மழை நின்று ஒரு மாதமாகியும் ஈரம் இருந்ததற்கும் காரணம் தெரிந்தது. இறக்கையின் அடியில் பட்டறைக்காரர் தகரத்தை நாலு பக்கமும் சிலிக்கானால் அடைத்திருந்தார். உள்ளே போன தண்ணீருக்கு வெளியேற வழியே இல்லை. இப்போது ஒயரைப் பக்கச்சுவர் வழியாக, கீழே வளைந்து ஏறுகிற மாதிரி கொண்டுவந்துவிட்டேன். கூரையில் துளையே கிடையாது.

இடது இறக்கையின் பலகையைத் திறந்தபோது முன்னாலிருந்து மூன்றடிவரை கையால் அள்ளி எடுக்கிற நிலையில் இருந்தது. தட்டிப் பார்த்து, கணீரென்று சத்தம் வருகிற இடத்திலிருந்து இன்னும் அரையடி தள்ளி வெட்டினேன். கும்பகோணம் அக்கா சொன்னபடி ஓரத்துண்டைக் கொதிக்க வைத்தேன். முதல் கடையின் துண்டு மத்தியானத்துக்குள் விசிறி மாதிரி விரிந்துவிட்டது. இரண்டாவது கடையின் துண்டு சாயங்காலம்வரை அப்படியே இருந்தது. அதில் 18 மி.மீ. வாங்கினேன்.

ஆனால் இந்த முறை பாரம் பலகைமேல் இல்லை. இரண்டு பக்க இறக்கையின் அடியிலும் முன்னாலிருந்து பின்னால்வரை 40-க்கு 40, 5 மி.மீ. ஆங்கிளை ஒவ்வொன்றாக ஓட்டி, கூண்டின் நாலு தூணோடும் வெல்ட் செய்தேன். கண் வைத்த 8 மி.மீ. பிளேட், அதற்குமேல் ஆங்கிள், பலகை, உள்பக்கம் 6 மி.மீ. பிளேட். இதெல்லாம் சேர்ந்து ஒரு மூலைக்கு இரண்டு எம்12 போல்ட். பலகைக்குள் துண்டுக் குழாய். பழைய ஐ போல்ட்டைப் பார்த்தபோது இன்னொரு விஷயமும் புரிந்தது. அது கம்பியை வளைத்துச் செய்தது, கண் மூடிய இடத்தில் வெல்டிங்கே இல்லை. மரம் விடாமல் இருந்திருந்தால் கண்ணே விரிந்திருக்கும். புதுக் கண்களைத் தடித்த வளையத்தில் செய்து, முழுச் சுற்றும் வெல்ட் பண்ணச் சொன்னேன்.

கீழே ஐயா சொன்னதுதான். 75-க்கு 40 சி சேனலில் இரண்டு குறுக்குச் சட்டம். பெட் பிராக்கெட் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, பழையதைவிட அரை அங்குலம் நீளமான 8.8 போல்ட்டாக மாற்றிச் சேர்த்துப் பிடித்தாயிற்று. சேசிஸில் ஒரு துளைகூடப் போடவில்லை. பின் சேனல் பக்கம் பிரேக் பைப் ஓடுகிறது. அதில் உரசாமல் ஒரு விரல் இடைவெளி இருக்கிறதா என்று வண்டியில் ஆறு பேரை ஏற்றி, ஸ்பிரிங் பட்டையை அமுக்கிப் பார்த்த பிறகுதான் இறுக்கினேன். இதைச் செய்கிறவர்கள் தயவுசெய்து இதை மறக்காதீர்கள்.

ஸ்பிரிங் வைத்த டர்ன்பக்கிள் இங்கே கிடைக்கவில்லை. என் தொழிலிலேயே அதற்கு வழி இருந்தது. பழைய அறுவடை வண்டியில் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனர் ஸ்பிரிங் நாலு ஷெட்டில் கிடந்தது. கண் போல்ட்டின் தண்டில் ஸ்பிரிங்கைக் கோத்து, இரண்டு பக்கமும் தடித்த வாசர் போட்டு, அது சேனலின் அடியில் அமுங்குகிற மாதிரி வைத்தேன். முன் இரண்டும் முன்பக்கம் சாய்ந்திருக்கிறது, பின் இரண்டும் பின்பக்கம். கையால் முறுக்கினால் ஸ்பிரிங் கால் பங்கு அமுங்குகிறது, அதோடு நிறுத்திவிடுகிறேன்.

வலது பின் விரிசலில் சாக்பீஸ் பொடி தூவியபோது நான் பார்த்ததைவிட ஒரு விரல் அகலம் அதிகமாகக் கோடு ஓடியது. துளை, வி தோண்டல், சாய்வெட்டு ஆங்கிள் எல்லாம் அப்படியே செய்தேன். வெல்டிங் அடித்த இடத்துக்கெல்லாம் எபாக்சி ஜிங்க் பிரைமர், அதற்குமேல் பெயின்ட். அடியில் சிலிக்கான் இல்லை, ஒவ்வோர் அடி தூரத்துக்கும் ஒரு துளை விட்டிருக்கிறேன். அண்டக் கட்டை பூவரசுதான். கஜாவில் எங்கள் கொல்லையில் விழுந்த மரம், அறுத்துக் காயப்போட்டு வைத்திருந்தேன். இத்தனை வருடம் கழித்து அதற்கு ஒரு வேலை வந்தது.

போன வாரம் வேதாரண்யம்வரை போய் வந்தேன். திரும்பும்போது வேண்டுமென்றே அதே ஆற்றுக்கரையில், அதே சரிவில் மெதுவாக இடது சக்கரத்தை இறக்கி நிறுத்தினேன். இறங்கிப் பார்த்தால் வலது பின் ஸ்பிரிங் நன்றாக அமுங்கியிருந்தது, இடது முன் ஸ்பிரிங்கும் அப்படியே. மற்ற இரண்டும் இளகியிருந்தன. கூண்டு பெட்டில் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. அந்த இரண்டு ஸ்பிரிங்கையும் டார்ச் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

நட்டு ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு, நட்டிலிருந்து சேனல்வரை சேர்ந்தாற்போலப் போட்டிருக்கிறேன். ஐம்பது கிலோமீட்டரில் பார்த்தபோது எல்லாக் கோடும் நேராக இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தபோது இடது பின்னால் ஒன்று மட்டும் நூலளவு விலகியிருக்கிறது. பெயின்ட் மேல் வாசர் உட்கார்ந்ததால் இருக்கலாம். அந்த இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு மறுபடி இறுக்கி, புதுக்கோடு போட்டிருக்கிறேன். நாளைக்கு முத்துப்பேட்டையில் வேலை. திரும்பி வந்ததும் அந்த நட்டைப் பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.